பத்துப் பிள்ளைகள் இருந்தால் ஒரு பள்ளி



சில ஆண்டுகளுக்கு முன்பு, பள்ளி தொடங்கிய முதல் வாரத்தில் நடந்தது இது. முதலாம் ஆண்டு வகுப்பொன்றில் 43 பிள்ளைகள் அமர்ந்திருந்தனர். எல்லாருடைய கழுத்திலும் பெயர் அட்டை. எல்லாருடைய மடியிலும் புத்தகப்பை. பையைத் தரையில் வைத்தால் வரிசைகளுக்கு இடையில் கால் வைக்க வழியிராது. கடைசி வரிசையில் அழுதுகொண்டிருந்த சிறுவனிடம் போய்ச் சேர்வதற்கு நான் சுவரோரமாக, பக்கவாட்டில் நடக்க வேண்டியிருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அவன் அழுது முடித்துவிட்டான்.

அதே வாரத்தில், என்னோடு ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற தோழி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். அவள் பணிபுரிவது உட்புறத் தோட்டப் பள்ளியொன்றில். ஆறு வகுப்புகளுக்கும் சேர்த்து 11 மாணவர்கள். அவ்வாண்டு முதலாம் ஆண்டில் ஒரு பிள்ளைகூடப் பதியவில்லை. "எங்கள் பள்ளியில் பிள்ளைகளைவிட நாற்காலிகள்தாம் அதிகம்டி" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இரண்டும் தேசிய வகைத் தமிழ்ப்பள்ளிகள். இரண்டுக்கும் இடையே காரில் ஒன்றரை மணி நேரத் தொலைவு. ஓரிடத்தில் பிள்ளைகளுக்கு இடமில்லை. மற்றோரிடத்தில் இடத்துக்குப் பிள்ளைகள் இல்லை. இஃது எப்படி நேர்ந்தது? "திட்டமிடல் சரியில்லை" என்று பொதுக்கூட்டங்களில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

மலேசியாவில் தமிழ்க்கல்வியின் தொடக்கமாக நாம் 1816ஆம் ஆண்டையும் பினாங்கு ஃபிரி ஸ்கூலையும் குறிப்பிடுவது வழக்கம். 2016இல் இருநூறாண்டு விழாவும் எடுத்தோம். ஆயினும், இன்று நம்மிடம் இருக்கும் பள்ளிகள் எங்கெங்கே நிற்கின்றன என்பதைத் தீர்மானித்தது அந்தப் பினாங்கு வகுப்பன்று. அதைத் தீர்மானித்தது ஒரு தொழிலாளர் சட்டம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, ஏழு வயது முதல் பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் ஒரு தோட்டத்தில் இருந்தால், அங்கே தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்துத் தர வேண்டும் என்று வகுக்கப்பட்டது.

சற்று நின்று கவனியுங்கள் அன்பர்களே! இது கல்விச் சட்டத்தில் இடம்பெற்ற விதியன்று. கூலியாள்களைப் பற்றிய சட்டத்தில் இடம்பெற்றது. குடியிருப்பு, தண்ணீர், மருத்துவம் ஆகியவற்றோடு ஒன்றாகப் பிள்ளைகளின் பள்ளியும் சேர்க்கப்பட்டது. ஆள் சேர்ப்பதும், சேர்த்த ஆள் குடும்பத்தோடு தங்கியிருக்கச் செய்வதும் அன்றைய தேவை. எனவே எண்ணப்பட்டது தோட்டத்தின் எல்லைக்குள் இருந்த தலைகள் மட்டுமே. அடுத்த தோட்டத்தில் எத்தனை பேர், பத்தாண்டு கழித்து எத்தனை பேர், ஆறு வகுப்புக்கு எத்தனை அறை வேண்டும் என்றெல்லாம் எவரும் கேட்கவில்லை. பத்து என்ற எண் பள்ளியைத் திறப்பதற்கு உரியது. பதினோராம் பிள்ளை எங்கே அமர்வது என்பதற்குச் சட்டத்தில் அளவுகோல் ஏதும் இல்லை.

அளவுகோல் இல்லாதபோது என்ன நடக்கும்? தோட்டத்தில் எது மீதமோ அது பள்ளியாகும். லயத்தின் கடைசி அறை, கோயிலின் முன்மண்டபம், ஆயாக்கொட்டகையை ஒட்டிய தாழ்வாரம் எனப் பள்ளிகள் முளைத்தன. பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் ஆசிரியர். காலையில் பெரட்டு முடிந்தபின் அவர் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைப்பார். என் பாட்டி பால்மரம் வெட்டியவர். "பள்ளிக்கூடம் என்று ஒன்று இருந்தது, அதற்குச் சுவர் இருந்ததா என்று நினைவில்லை" என்பார் அவர். அப்படிப்பட்ட பள்ளிகளைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. அவை இல்லையென்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நீங்கள் படித்திருக்கவும் மாட்டீர்கள். ஆனால் அவை கல்விக்காகத் திட்டமிடப்பட்ட இடங்களல்ல என்பதை மறைக்கவும் இயலாது.

1957இல் நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. மாணவர்கள் ஏறத்தாழ 50,000 பேர். வகுத்துப் பார்த்தால் பள்ளிக்கு 57 பேருக்குமேல் வராது. சிறு சிறு பள்ளிகள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒன்று, சில வேளை ஒரே தோட்டத்தின் இரு டிவிஷன்களுக்கு இரண்டு. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும், அதனைத் தொடர்ந்த 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் கொணர்ந்தன. பொதுப் பாடத்திட்டம் வந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வந்தார்கள். சம்பளம் அரசாங்கத்தின் பொறுப்பாயிற்று. நம் முன்னோர் இதற்காக மகிழ்ந்தது நியாயமே.

ஆனால், பள்ளி நின்ற நிலம்? அது தோட்டத்தின் சொத்தாகவே நீடித்தது. இங்கேதான் முடிச்சு விழுந்தது என்பது என் கருத்து. இன்றும் தமிழ்ப்பள்ளிகளுள் பாதிக்கும் மேற்பட்டவை பகுதி உதவிபெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளமும் பாடநூலும் அரசாங்கத்திடமிருந்து வரும், நிலம் வேறொருவருடையது. முழு உதவிபெறும் பள்ளிக்குக் கூடுதல் கட்டடம் வேண்டுமென்றால் அரசாங்கத்திடம் கேட்கலாம். பகுதி உதவிபெறும் பள்ளியோ முதலில் நில உரிமையாளரிடம் போய் நிற்க வேண்டும். இரப்பர் விலை சரிந்த காலத்தில் எந்தத் தோட்ட நிருவாகம் வகுப்பறை கட்டும்? பிறருடைய நிலத்தில் எந்த அரசாங்கம் தாராளமாகச் செலவு செய்யும்? இரு தரப்பும் மற்றவர் செய்யட்டும் என்றிருக்க, பலகைச் சுவர்கள் கறையான்களுக்கு உணவாயின.

நான் 1986இல் முதலாம் ஆண்டில் சேர்ந்த தோட்டப் பள்ளி அத்தகையது. தகரக் கூரை, பலகைச் சுவர், நீண்ட ஒரே மண்டபம். இரண்டு அலமாரிகளை நடுவில் நிறுத்தி மூன்று அறைகளாக்கியிருந்தார்கள். ஓர் அறையில் இரண்டு வகுப்புகள். நான்காம் ஆண்டு அண்ணன்மார் ஏழாம் வாய்பாடு சொல்வது எங்கள் காதில் விழும். முதலாம் ஆண்டு முடிவதற்குள் எனக்கு ஏழாம் வாய்பாடு மனப்பாடம். இரண்டாம் வாய்பாட்டில்தான் தடுமாறினேன்! மழை பெய்தால் பாடம் நின்றுவிடும், தகரத்தின் ஓசையில் ஆசிரியர் குரல் கேட்காது.

இனி, 888 என்ற எண் எப்படிக் குறைந்தது என்பதைப் பார்ப்போம். 1950களில் ஆங்கிலேய நிறுவனங்கள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடிச் சிறு சிறு பகுதிகளாக மறுபடியும் விற்றனர். துண்டாடப்பட்ட தோட்டத்தில் தொழிலாளிக்கு வேலையும் இல்லை, லயமும் இல்லை. இதனைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடமிருந்தே பணம் திரட்டித் தோட்டங்களை வாங்க முற்பட்டார். அந்த முயற்சியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஆயினும் துண்டாடல் நிகழ்ந்த இடங்களில் பள்ளிகள் மூடப்பட்டன, அல்லது அண்டைப் பள்ளியோடு இணைக்கப்பட்டன. 1969ஐ ஒட்டிய வேலை அனுமதிச் சீட்டுப் பிரச்சினையில், குடியுரிமை பெறாத பல்லாயிரம் தொழிலாளர்கள் குடும்பத்தோடு தமிழகம் திரும்பினர். அவர்களோடு அவர்தம் பிள்ளைகளும் பதிவேட்டிலிருந்து மறைந்தார்கள்.

அடுத்து வந்தது செம்பனை. இரப்பருக்குத் தேவைப்பட்ட அளவு ஆள்கள் செம்பனைக்குத் தேவையில்லை. பின்னர் 1980களிலும் 1990களிலும் தோட்டங்களே நகரங்களாக மாறின. சீபீல்டு தோட்டம் இருந்த இடத்தில் சுபாங் ஜெயாவின் வீடுகள் எழுந்தன. 1995இல் கட்டத் தொடங்கிய புத்ராஜாயா, பெராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்த மண்ணில் அமைந்தது. அத்தோட்டத்து மக்கள் டெங்கிலுக்கு இடம் மாற்றப்பட்டனர். 2000களின் நடுப்பகுதியில் தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கை 523 ஆக இருந்தது. மாணவர் எண்ணிக்கையோ அப்பத்தாண்டின் இறுதியில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. பள்ளிகள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்திருக்க, மாணவர்கள் இரு மடங்கு ஆகியிருக்கிறார்கள்! பள்ளிக்குச் சராசரியாக 190 பேர்.

இந்தச் சராசரியை மட்டும் பார்ப்பவர் "சிக்கல் ஒன்றும் இல்லையே" என்பார். சராசரி என்பது சில வேளைகளில் பெரும் ஏமாற்றுக்காரன். 150க்கும் குறைவான மாணவர்கள் உள்ள பள்ளியைக் கல்வியமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என வகைப்படுத்துகிறது. மொத்தம் 30 பேருக்கும் குறைவு என்றால் வகுப்புகளை இணைத்தே பாடம் நடத்த வேண்டும். அத்தகைய பள்ளிகள் ஒருபுறம். கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளியைப் போல ஈராயிரம் மாணவர் அளவுக்கு வளர்ந்த பள்ளிகள் மறுபுறம். இரண்டையும் கூட்டி வகுத்தால் கிடைக்கும் அந்த 190 பேர் கொண்ட பள்ளியில் படித்தவர்கள் எத்தனை பேர்?

என் பழைய பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டை ஒரு முறை படி எடுத்துக் கொடுக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. தடித்த அட்டை, நீல மை, அழகான கையெழுத்து. 'விலகிய காரணம்' என்ற பத்தியில் முற்பகுதி முழுதும் 'ஆறாம் ஆண்டு முடித்தது' என்றே வரும். 1980களின் பக்கங்களில் அது மாறுகிறது. 'தகப்பனார் வேலை மாற்றம்', 'கிள்ளானுக்குச் சென்றது', 'காஜாங்', 'பூச்சோங்', மீண்டும் 'கிள்ளான்'. ஒரு பக்கத்தில் ஒரே நாளில் ஒன்பது பெயர்கள் விலகியிருந்தன. அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஒரே லாரியில் நான்கு குடும்பங்களின் சாமான்கள் ஏற்றப்பட்டன. மேலே கட்டிலும், அதன்மேல் ஒரு கோழிக்கூண்டும். என் பக்கத்து இருக்கைத் தோழியும் அந்த லாரியில்தான் போனாள்.

குடும்பம் ஒரு லாரியில் ஏறிப் போய்விடுகிறது. பள்ளி அப்படிப் போக முடியுமா? பள்ளிக்கு உரிமம் உண்டு. உரிமத்தை இடம் மாற்ற அனுமதி வேண்டும். போகுமிடத்தில் நிலம் வேண்டும். நிலத்தைக் கொடுக்க மேம்பாட்டாளரோ மாநில அரசோ முன்வர வேண்டும். கட்டடத்துக்கு நிதி வேண்டும். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு அலுவலகத்தின் மேசையில் இருப்பவை. லாரி ஒரே நாளில் கடந்த தூரத்தைப் பள்ளி கடக்கப் பத்தாண்டு, பதினைந்தாண்டு ஆகிவிடுகிறது. புதிய வீடமைப்புப் பகுதிகளில் பள்ளிக்கென நிலம் ஒதுக்குவது வழக்கந்தான். ஆனால் தமிழ்ப்பள்ளி அந்தக் கணக்கில் இயல்பாக இடம்பெறுவதில்லை; யாராவது கேட்டால்தான், விடாது கேட்டால்தான், இடம்பெறும். அப்படிக் கேட்டுக் கேட்டே பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிலும் பள்ளி மேலாளர் வாரியங்களிலும் தலை நரைத்தவர்களை நான் அறிவேன். அவர்களுடைய பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

அவ்வாறு இடம் மாறிய பள்ளிகளை அவற்றின் பெயரைக் கொண்டே அடையாளம் காணலாம். பண்டார் உத்தாமாவில் எஃபிங்காம் தோட்டத் தமிழ்ப்பள்ளி. கிளானா ஜெயாவில் சீபோர்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளி. பெயரில் தோட்டம் இருக்கிறது, சுற்றிலும் அடுக்குமாடிகளும் பேரங்காடிகளும் இருக்கின்றன.

நகரப் பள்ளியில் இடம் போதாதபோது என்ன செய்கிறோம் என்று ஆசிரியர்களாகிய உங்களுள் பலருக்குத் தெரியும். முதலில் இசையறை வகுப்பறையாகும். பிறகு அறிவியல் அறை. அதற்குப் பிறகு நூல் நிலையம் பாதியாகத் தடுக்கப்படும். திடலின் ஓரத்தில் கேபின் வகுப்பறை வந்து நிற்கும், 'தற்காலிகம்' என்ற சொல்லோடு. தற்காலிகக் கேபினில் முதலாம் ஆண்டு பயின்றவன் அதே பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்துப் போனதைக் கண்டிருக்கிறேன்; கேபின் அங்கேயேதான் நின்றது. கடைசி வழியாக இரண்டு நேரப் பள்ளி. பெரிய மாணவர்கள் காலையில் வருவார்கள். சிறியவர்கள், அதாவது முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகள், பிற்பகல் 1 மணிக்கு வந்து மாலை 6.30க்குப் போவார்கள்.

பிற்பகல் பிரிவில் நான் எட்டு ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். மூன்று மணி வெயிலில் ஏழு வயதுப் பிள்ளைக்கு உயிர்மெய் எழுத்து கற்பிப்பது எத்தகைய வேலை என்பதை அனுபவித்தவரே அறிவர். நான்கரை மணிக்குப் பாதி வகுப்பு மேசைமேல் தலை சாய்த்திருக்கும். தேர்வு எழுதும் பெரிய மாணவர்களுக்குக் காலை நேரம் வேண்டும் என்ற காரணம் எனக்குப் புரிகிறது. ஆயினும், இடப் பற்றாக்குறை வரும்போதெல்லாம் அதன் சுமையை முதலில் தூக்குபவர்கள் நம் பள்ளியிலேயே மிகச் சிறியவர்களாக இருக்கிறார்கள். கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்க அவர்களால் முடியாதல்லவா?

அண்டை நாடான சிங்கப்பூரை இங்கே ஒரு வரி சொல்லிவிட்டுப் போகிறேன். அங்கே 2005இல் தொடக்கநிலை ஒன்றுக்கும், அடுத்த ஆண்டில் தொடக்கநிலை இரண்டுக்கும் வகுப்புக்கு 30 பேர் என்ற அளவைக் கொண்டுவந்தார்கள். சிறியவர்களிடமிருந்து தொடங்கினார்கள் என்பதே நான் கவனித்தது. 2016க்குள் எல்லாத் தொடக்கப்பள்ளிகளையும் ஒரே நேரப் பள்ளியாக்கவும் திட்டமிட்டார்கள். அது சிறிய நாடு, ஒரே நகரம், கையில் பணமும் உண்டு. இங்கே அப்படியே பெயர்த்து நட முடியாது. ஆனாலும் ஒன்று பொதுவானது. முதலாம் ஆண்டில் சேரப்போகும் பிள்ளை ஆறேழு ஆண்டுகளுக்கு முன்பே பிறந்துவிடுகிறது. பிறப்புப் பதிவும் ஆகிவிடுகிறது. நம் நாட்டிலும் பெற்றோர்கள் ஓராண்டுக்கும் மேலாக முன்னதாகவே முதலாம் ஆண்டுக்குப் பதிந்துவிடுகிறார்கள். அப்படியிருக்க, எங்கள் பள்ளியில் ஒவ்வொரு முறையும் முதல் வாரத்தில்தான் நாற்காலி எண்ணப்படுகிறது.

2020 ஜூலையில், நோய்த்தொற்றுக்குப் பின் பள்ளிகள் மீண்டும் திறந்தபோது, மேசைகளுக்கு இடையே ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும் என்றார்கள். அளவு நாடாவோடு நான் என் வகுப்பறைக்குள் போனேன். 30 அடி நீளம், 25 அடி அகலம். ஆசிரியர் மேசை, அலமாரி, வாசிப்பு மூலை போக, 21 மேசைகளுக்கு மேல் போட முடியவில்லை. மற்றவற்றை வெளியே தாழ்வாரத்தில் அடுக்கினோம். இத்தனை ஆண்டுகளில் அன்றுதான் முதன்முறையாக அந்தத் தரையின் நிறத்தை முழுதாகப் பார்த்தேன். வகுப்பில் பாதிப் பேர் ஒரு வாரம், மீதிப் பேர் மறு வாரம் என்று வந்தார்கள். அந்தச் சில வாரங்களில் ஒவ்வொரு பிள்ளையின் அருகிலும் குனிந்து நின்று எழுதும் விரலைப் பிடித்துத் திருத்த முடிந்தது. நோய் கொடுத்த இடம் அது. நோய் தணிந்ததும் மேசைகள் திரும்பி வந்தன.

இப்பொழுது கணக்கு மறுபடியும் மாறிக்கொண்டிருக்கிறது. மலேசிய இந்தியர்களிடையே பிறப்பு விகிதம் மக்கள்தொகையை நிலையாக வைத்திருக்கத் தேவையான 2.1 என்ற அளவைவிட வெகுவாகக் குறைந்துவிட்டது. லட்சத்தைத் தாண்டிய மாணவர் எண்ணிக்கை 80,000 அளவுக்கு இறங்கியிருக்கிறது. பள்ளிகளோ 530ஐ ஒட்டி நிற்கின்றன. 2008க்குப் பிறகு தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒதுக்கீடு கூடியதையும் புதிய கட்டடங்கள் எழுந்ததையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும். ஆனால் 1990களில் கேட்ட வகுப்பறை 2015இல் கிடைத்தால், அது யாருக்காகக் கேட்கப்பட்டதோ அந்தப் பிள்ளை அப்போது தன் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வருகிறான். சில புதிய கட்டடங்களில் மேல்மாடி பூட்டிக் கிடப்பதையும், ஐந்து கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளியில் கேபின் நிற்பதையும் ஒருசேரக் கண்டிருக்கிறேன். மாணவர் குறைந்த பள்ளிகளை மூடிவிடலாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மூடப்பட்ட பள்ளியின் உரிமம் போனால் போனதுதான். அந்த உரிமங்களை எந்தத் தாமானில் பிள்ளைகள் பிறக்கிறார்களோ அங்கே கொண்டுபோக வேண்டும், பிள்ளைகள் பிறந்த ஆண்டிலேயே அந்த வேலையைத் தொடங்க வேண்டும் என்பதே நான் கேட்பது.

தோழியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன் அல்லவா? அவளுடைய பள்ளியிலிருந்து 22 சிறிய நாற்காலிகள் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தன. இரு தலைமையாசிரியர்களும் சொத்து மாற்றப் படிவத்தில் கையெழுத்திட்டார்கள். படிவம் பயணம் செய்ய ஒரு மாதம் பிடித்தது, லாரி பயணம் செய்ய ஒன்றரை மணி நேரம். நாற்காலிகளை இறக்கித் துடைக்கும்போது ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைச் சாயத்தில் தோட்டத்தின் பெயர் எழுதப்பட்டிருந்ததைப் பார்த்தேன். அழிக்க மனம் வரவில்லை.

மறுநாள் ஒரு சிறுவன் அந்த எழுத்துகளைக் கூட்டி வாசித்துவிட்டு என்னிடம் வந்தான்.

"டீச்சர், இது யார் பேரு?"

"அது ஒரு தோட்டத்தோட பேருய்யா."

"என்ன தோட்டம் டீச்சர், பூந்தோட்டமா?"

மணி அடித்துவிட்டது. சிற்றுண்டிச்சாலைக்குப் போக எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொன்னேன்.